நான்கு வருஷம் பிந்திப் பிறந்தவர்

கீர்த்தனாசிரியர் முத்துசாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானார். இன்று நாம் சொல்லும் அவருடைய கதையில் பெரும்பகுதியை எழுதிவைத்த சுப்பராம தீட்சிதர் பிறந்தது 1839-இல். கதாநாயகரைக் கண்ணால் பார்த்தவரில்லை.

பார்த்தவர் தாத்தா. முத்துசாமியின் தம்பி பாலுசாமி தீட்சிதர், கர்நாடக சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்தவர், மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். கீர்த்தனைகளோடு குடும்பக் கதைகளும் பேரனுக்கு வந்து சேர்ந்தன.

எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகவே காலம் கழித்த சுப்பராமரை அறுபதாவது வயதில் எழுத உட்கார வைத்தவர் சின்னசாமி முதலியார். சென்னையில் அரசாங்க உத்தியோகம், மதத்தால் கிறிஸ்தவர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்வரக்குறிப்பில் அச்சேற்றப் பாடுபட்டவர். வீட்டுச் சொத்தை வெளியே விட சுப்பராமருக்கு லேசில் மனம் வரவில்லை. 1899-இல் முதலியார் எட்டயபுரம் ராஜாவிடமே போய்க் கேட்டார். ராஜா சொன்ன பிறகு தட்ட முடியுமா?

1904-இல் எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சுக்கூடத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டுமே 229. ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனி கமகக் குறிகள். ஒரு ஸ்வரம் எங்கே நடுங்க வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்பதில் கிழவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே புத்தகத்தில் 'வாக்கேயகார சரிதம்' என்று ஒரு பகுதி. சார்ங்கதேவர் தொடங்கி இசை வல்லுநர்களின் வாழ்க்கைக் குறிப்புகள். தம்மைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இந்தச் சரிதத்தில் வேறொரு சுப்பராமர் பேசுகிறார். காசியில் கங்கைக்குள் இறங்கிய முத்துசாமியின் கைக்கு ஒரு வீணை வருகிறது. திருத்தணியில் ஒரு முதியவர் அவர் வாயில் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைகிறார். முதல் கீர்த்தனை பிறக்கிறது. ஸ்வரத்துக்குக் காட்டிய கறாரை இங்கே காட்டவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதினார்.

இதைப் பொய் என்று தள்ளுவது சுலபம். சரித்திரம் என்று அப்படியே ஏற்பது அதைவிடச் சுலபம். நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்துவருகிறோம். கச்சேரி மேடையில் சொல்லும் துணுக்கிலிருந்து பள்ளிப் பாடம் வரை அந்தக் கற்கண்டு கரையவே இல்லை. என் கட்சி இதுதான்: சரிதத்தைச் சரித்திர நாவலின் முதல் கைப்பிரதியாகப் படிக்கலாம். ஊர், உறவு, குருசிஷ்ய வரிசை எல்லாம் சரித்திரத்தின் பக்கம். நடுவில் முளைக்கும் அற்புதம் மட்டும் ஒரு குடும்பம் தன் பெரியவரை எப்படி நினைத்துக்கொண்டது என்பதற்குச் சாட்சி.

புத்தகம் வந்து இரண்டே வருஷம். 1906-இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி அவருக்கு இரங்கற்பா எழுதினார்.