இல்லம் ஒன்று, திசை இரண்டு
(பம்பாய்த் தமிழர் குடியிருப்பு வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி)

வாழ்விடம் தேர்தல் என்பது நம் முன்னோர்க்கு ஒரு வினாவாகவே இருந்ததில்லை. பிறந்த வீடே பெரும்பாலும் வாழும் வீடு. வயலும் கோயிலும் குளமும் கூப்பிடு தூரம். உத்தியோகம் நாடி வடக்கே வந்த பின்னரே, ‘எங்கே குடியிருப்பது?’ என்னும் கேள்வி நம் குடும்பங்களில் எழுந்தது. கணவர் ஒருவரே பணிக்குச் சென்ற நாளில் அதற்கு விடை காண்பது எளிதாயிருந்தது. கணவனும் மனைவியும் இரு வேறு திசைகளில், வெகு தொலைவில் பணிபுரியும் இந்நாளிலோ, ஒரு குடும்பத்தின் அமைதியே அவ்விடையைப் பொறுத்ததாகிவிட்டது. நம் காலனியில் இன்று இக்கேள்வி எழாத வீடு அரிது. இதற்கு நம்மவர் காலந்தோறும் எவ்வாறு விடை கண்டனர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பம்பாயின் நில அமைப்பை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். அது தெற்கு வடக்காக நீண்டு குறுகிய நகரம். வணிகமும் வங்கிகளும் அரசாங்க அலுவலகங்களும் தென்கோடியில், கோட்டைப் பகுதியில் குவிந்தன. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், போரி பந்தரிலிருந்து தாணேக்கு, 34 கிலோமீட்டர் தொலைவுக்கு, இந்நாட்டின் முதற் பயணிகள் ரயில் ஓடிற்று. பின்னர் மேற்குக் கரையை ஒட்டி இன்னொரு தடம் அமைந்தது. இவ்விரு தடங்களும் ஒன்றுக்கொன்று இணையாக வடக்கு நோக்கிச் செல்வன. தாதரில் தோளோடு தோள் உரசி, அதற்கு வடக்கே பிரிந்து போவன. பம்பாய்க் குடும்பங்களின் இன்ப துன்பங்களுள் பாதி இந்த அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

1896இல் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கிற்று. நெருக்கமும் இருளும் மலிந்த வீடுகளே நோய்க்கு விளைநிலம் என்று கருதிய அரசாங்கம், 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவியது. தாதர், மாதுங்கா, சயான் ஆகிய பகுதிகளில் அகன்ற சாலைகளும் மனைகளும் வகுத்தது அந்த டிரஸ்டே. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே மாடி வீடுகள் எழுந்தன. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்த தமிழர் பலர் அவ்வீடுகளிற் குடியேறினர்.

தமிழர் அனைவரும் மாதுங்காவுக்கே போயினர் என்று எண்ணிவிடலாகாது. தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலித் தமிழர், தொழிலிடத்தை ஒட்டியே தாராவியில் தங்கினர். ரயில் கட்டணத்துக்குக் கூலியில் இடமில்லை. ஆகவே வேலை எங்கோ வீடும் அங்கே. மாதச் சம்பளக்காரர்க்கோ சீசன் டிக்கெட் வாங்க இயலும். ஆதலின் வேலையிடத்தை விட்டுச் சற்றே விலகிக் காற்றோட்டமான இடத்தில் வாழ இயன்றது. விலகி வாழ்வதும் ஒரு வசதியே என்பதை இவ்வேற்றுமை நமக்குக் காட்டுகிறது.

மாதுங்காவைத் தேர்ந்ததில் அன்றையோர் கண்ட நயம் யாது? அலுவலகம் அதற்கு அருகில் இல்லை. கோட்டைப் பகுதி சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே இருந்தது. எனினும், மத்திய ரயில்பாதையின் மாதுங்கா நிலையம், மேற்கு ரயில்பாதையின் மாதுங்கா ரோடு நிலையம், ஹார்பர் தடத்தைச் சார்ந்த கிங்ஸ் சர்க்கிள் நிலையம் ஆகிய மூன்றுக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். 1925 பிப்ரவரியில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் தடத்தில் முதல் மின்சார ரயில் ஓடிற்று. 1928 ஜனவரியில் மேற்குத் தடத்தில் போரிவிலி வரை மின்சார ரயில் வந்தது. டிராம் வண்டியோ தாதர் வரையில் 1964 மார்ச் வரை ஓடிற்று. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிப் பள்ளி அமைத்தது. 1952இல் சண்முகானந்த சபை தோன்றி இசை வளர்த்தது. கோயிலும் காய்கறிக் கடையும் வாழையிலையும் வாசலுக்கே வந்தன. அன்றையோர் தேர்ந்தது அலுவலகத்துக்கு அண்மையான இடத்தையன்று. எல்லா வழிகளும் திறந்திருந்த ஓர் இடத்தை. இந்நுட்பம் பிற்காலத்திலேயே முழுமையாகப் பயன்பட்டது.

பிற்காலம் என்றது பெண்டிர் பணிக்குச் செல்லத் தலைப்பட்ட காலத்தை. முதலில் பள்ளி ஆசிரியைகளாகவும் தட்டெழுத்தாளர்களாகவும், பின்னர் 1956இல் அமைந்த ஆயுள் காப்பீட்டுக் கழகத்திலும், 1969இல் நாட்டுடைமையான வங்கிகளிலும் நம் பெண்மக்கள் பணியேற்றனர். அவ்வேளையில் மாதுங்காவில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டிருந்தது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய குடித்தனக்காரர் சொற்ப வாடகையில் நிலைத்தனர். புதிதாக வருவோர் ‘பகடி’ என்னும் பெருந்தொகை கொடுத்தாலன்றி நுழைய இயலவில்லை. ஆகவே இளங்குடும்பங்கள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்தன.

அந்நாளில் வீடு பார்த்த முறையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். ‘அவருக்கு ஆபீஸ் எங்கே?’ என்பதே முதற்கேள்வி. பல குடும்பங்களில் அதுவே கடைசிக் கேள்வியும் ஆயிற்று. மனைவியின் பணி, அமைந்த வீட்டுக்கேற்ப அமைய வேண்டும். அமையாவிடில் விடப்பட வேண்டும். விடாமல் தொடர்ந்தவர் விடியுமுன் எழுந்து, சமையல் முடித்து, டப்பாக்களைக் கட்டி, இருமுறை வண்டி மாறிப் பணிக்குச் சென்று, திரும்புகையில் தாதர் மேம்பாலத்தில் காய்கறி வாங்கி, மகளிர் பெட்டியிலேயே அதை ஆய்ந்துகொண்டு வீடு சேர்ந்தனர். அவர்தம் களைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1992 மே மாதத்தில் சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்குமிடையே மகளிர்க்கென்றே தனி ரயில் விடப்பட்டது. அவ்வளவு பெண்கள் அத்தடத்தில் நாள்தோறும் சென்று வந்தனர் என்பதற்கு அந்த வண்டியே சான்று. அதே மாதுங்கா நிலையம் 2017இல் முழுவதும் பெண் ஊழியர்களாலேயே நடத்தப்படும் நிலையமாயிற்று என்பதும் ஈண்டு நினைந்து மகிழத்தக்கது.

இனி, இருவர் பணியையும் கருதி இடம் தேர்வோர் செய்வது யாது? வரைபடத்தை விரித்து இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே புள்ளி வைப்பர். நியாயமாகத் தோன்றும் இம்முறை நம் நகரத்தில் ஏமாற்றிவிடும். காட்கோபரும் அந்தேரியும் வரைபடத்தில் அண்டை அயல். எனினும், 2014க்கு முன் ரயிலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, தெற்கே தாதர் வரை இறங்கி, பாலம் ஏறித் தடம் மாறி, மீண்டும் வடக்கே ஏற வேண்டும். இன்றேல் சாலை நெரிசலில் பஸ்ஸில் நிற்க வேண்டும். 2014 ஜூன் 8ஆம் நாள் 11.4 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் மெட்ரோ தடம் திறந்தபின், அப்பயணம் அரை மணிக்கும் குறைவாயிற்று. ஊர்கள் நகரவில்லை; தொலைவு மட்டும் சுருங்கிவிட்டது!

ஆகவே தொலைவை அளக்கும் கோல் கிலோமீட்டர் அன்று. எத்தனை முறை வண்டி மாறவேண்டும் என்பது முதல் அளவு. எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பது இரண்டாவது அளவு. காலையில் கூட்டம் தெற்கு நோக்கிச் செல்லும்போது, உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்பதாக ரயில்வேத் துறையே கணக்கிட்டுள்ளது. அதே வேளையில் வடக்கு நோக்கிச் செல்பவர்க்கு நெருக்கடி பெரிதும் குறைவு. எனவே, ஒருவர்க்குக் கோட்டையிலும் மற்றவர்க்குத் தாணேயிலும் பணி என்றால், நட்டநடுவில் குடியிருப்பதைவிடச் சற்றுத் தெற்கே தள்ளியிருத்தல் நலம். நெரிசலில் நிற்பவர்க்குப் பயணம் குறையும். எதிர்த்திசையில் செல்பவர்க்கு நேரம் மிகுந்தாலும் வருத்தம் மிகாது. வண்டி புறப்படும் நிலையத்துக்கு அருகில் வீடு அமைவது மூன்றாவது நன்மை; இருக்கை கிடைத்தால் ஒரு மணி நேரப் பயணமும் ஓய்வாகும்.

மற்றுமொன்று: வேலையிடங்கள் நிலையானவையல்ல. அந்தேரி அருகே 1973இல் ஏற்றுமதி வளாகம் எழுந்தது. பாந்திரா – குர்லா வளாகம் 1977 முதல் வளர்ந்து பெரிய வங்கிகளை ஈர்த்தது. 1970இல் தொடங்கிய நவி மும்பைத் திட்டம் கடற்கழிக்கு அப்பால் ஒரு நகரையே படைத்தது. 1992இல் வாஷிக்கு ரயில் வந்தது. 2004இல் தாணேயும் வாஷியும் நேராக இணைந்தன. 2024 அக்டோபர் முதல் நிலத்தடி மெட்ரோவும் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டது. ஒருவர் தம் பணிக்காலத்தில் மூன்று நான்கு அலுவலகங்கள் மாறுவது இன்று இயல்பு. கடன்பட்டு வாங்கும் வீடோ முப்பதாண்டு நிற்கும். இன்றைய அலுவலகத்துக்கு அருகென்று வாங்கிய வீடு, நாளைய அலுவலகத்துக்குத் தொலைவாகலாம். பல தடங்கள் கூடும் இடத்தைச் சார்ந்த வீட்டுக்கு அக்குறை நேர்வதில்லை. மாதுங்காவைத் தேர்ந்த பெரியோர் நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். எவ்வளவு கணக்கிட்டாலும் இருவர்க்கும் சமமான இடம் எப்போதும் கிட்டாது. ஒருவர் மிகுதியாகப் பயணம் செய்தே ஆக வேண்டியிருக்கும். அவர் யார் என்பதைப் பழக்கம் தீர்மானிக்கலாகாது. கணவனும் மனைவியும் கூடியமர்ந்து பேசித் தீர்மானித்தல் வேண்டும். மிகுதியாகப் பயணம் செய்பவர்க்கு வீட்டுப் பணியிற் குறைவு தருவதே அறம். முன்னதாக வீடு திரும்புபவரே, ஆணாயினும் பெண்ணாயினும், உலை வைத்தல் வேண்டும். முந்தைய தலைமுறைத் தாய்மார் வாய் திறவாது சுமந்த தொலைவை நம் பெண்மக்கள் தனியே சுமக்க விடுவது நமக்கு அழகன்று. இருவர் ஊதியத்திலும் எழும் வீட்டில் இருவர் களைப்பும் கணக்கில் ஏறுதல் வேண்டும். அவ்வாறு தேர்ந்த இல்லம் எங்கிருப்பினும், மாலையில் அங்கே விளக்கும் எரியும், முகமும் மலரும். நம் காலனியில் அத்தகைய இல்லங்கள் பெருகுக!