தையல் துளைகளில் ஒரு வரலாறு

திருடனைக் குறிக்கும் சொற்களில் ஒரு சமூகத்தின் உடை வரலாறு ஒளிந்திருப்பதுண்டு. நம்மிடம் முடிச்சவிழ்க்கி என்றொரு பழைய சொல் இருக்கிறது. ஜேப்படி என்ற பிற்காலச் சொல்லும் இருக்கிறது. முன்னது, காசை மடியிலோ முந்தானை நுனியிலோ முடிந்துவைத்த காலத்துக்குரியது. பின்னது, சட்டையும் ஜேப்பும் வந்த பிறகு வழக்கேறியது. ஆங்கிலத்திலும் இதே வரிசைதான். அங்கே முதலில் வந்தவன் ‘கட்பர்ஸ்’, அதாவது பையை அறுப்பவன். ‘பிக்பாக்கெட்’ அவனுக்குப் பின் வந்தவன். ஆடையோடு சேர்த்துத் தைத்த ஜேப்பு பரவுவதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் தம் சிறு உடைமைகளை இடைவாரில் தொங்கிய பையில்தான் வைத்திருந்தனர். அவற்றில் பெரும்பகுதி தோற்பைகள்.

அந்தப் பைகளைப் பழைய முறைப்படி கையால் மீண்டும் செய்வோர் இன்று பல நாடுகளில் உள்ளனர். இதை வெறும் பொழுதுபோக்கென்று நாம் தள்ளிவிட முடியாது. கல்லும் செம்பும் மண்ணுக்கடியில் காத்திருக்கும். தோல் அப்படிக் காத்திருப்பதில்லை. ஆகவே தோலின் வரலாற்றை எழுத முற்படுபவர், எஞ்சியிருப்பதைவிட இல்லாமற்போனதையே அதிகம் வாசிக்க வேண்டியிருக்கிறது. வாசித்தது சரியா என்பதைச் செய்து பார்த்துத்தான் அறிய முடியும்.

இங்கிலாந்தின் சட்டன் ஹூ இதற்குத் தக்க சான்று. 1939இல் அங்கே அகழ்ந்த ஏழாம் நூற்றாண்டுக் கப்பற்புதையலில் ஒரு பணப்பையின் மூடி கிடைத்தது. பொற்சட்டமும் செம்மணிப் பதிப்பும் கொண்ட அந்த மூடி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குள் இருந்த 37 பொற்காசுகளும் கிடைத்தன. தோற்பை மட்டும் கிடைக்கவில்லை. மண் அதைத் தின்றுவிட்டது. பொன்னை மட்டும் வைத்துக்கொண்டு பையின் ஆழத்தையும் மடிப்பையும் ஊகிப்பதே பிரதி செய்பவரின் வேலையாகிறது.

ஆல்ப்ஸ் மலையில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட ஓட்ஸி என்னும் பனிமனிதன் இதற்கு நேர்மாறு. சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன் இறந்த அவனுடைய உடலோடு அவன் தோலுடைகளையும் பனி காத்திருந்தது. அவன் இடைவாரில் தைத்திருந்த சிறு பைக்குள் சிக்கிமுக்கிக்கல் கருவிகளும், எலும்பாலான ஒரு குத்தூசியும், தீமூட்ட உதவும் காளான் திரளும் இருந்தன. அரசனின் பையில் காசு. வழிப்போக்கனின் பையில் நெருப்பும் ஊசியும். எதுவரை பிழைத்திருக்க முடியும் என்று ஒருவன் கணித்ததன் சுருக்கம் அந்தப் பை எனலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவை ஐரோப்பிய நகரங்களின் ஈரமண்ணிலிருந்து கிடைக்கும் இடைக்காலத் துண்டுகள். காற்றுப் புகாத சேற்றில் தாவரத் துவர்ப்பேற்றிய தோல் தங்கிவிடுகிறது. அதைத் தைத்த சணல்நூல் மக்கிப்போகிறது. எஞ்சுவது துளைகள் மட்டுமே. துளைகளின் இடைவெளி, சாய்வு, நூல் அழுத்திய தடம் ஆகியவற்றைக் கொண்டு தையலை மீட்டெடுக்கிறார்கள். நெதர்லாந்தில் அகப்பட்ட இத்தகைய பைகளை வரைபடங்களோடு தொகுத்து ஓலாஃப் கூபிட்ஸ் எழுதிய ‘பர்சஸ் இன் பீசஸ்’ (2007) இத்துறையினருக்கு ஒரு கைந்நூலாகவே ஆகிவிட்டது.

செய்து பார்ப்பவர்கள் கண்டடையும் உண்மைகள் சில சுவையானவை. ‘பழங்காலப் பை’ என்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் தடித்த தோலில் பூவேலை செதுக்கியவை. இடைக்காலப் பைகளில் பலவோ மெல்லிய ஆட்டுத்தோலில், உட்புறம் வெளியே தெரியத் தைத்து, பின் திருப்பி எடுக்கப்பட்டவை. வலிமை தோலின் தடிப்பில் இல்லை; தையலில் இருந்தது. மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனைகளையும் ஒரே துளை வழியே எதிரெதிராகச் செலுத்துவது ஒரு பழைய முறை. நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் எளிதில் பிரிந்துவிடாது. நம் தெருமுனைச் செருப்புத் தொழிலாளியின் கையும் இதை அறியும்.

துவர்ப்பேற்றும் முறையும் இங்கே முக்கியம். 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குரோம் முறை, வாரக்கணக்கில் நீண்ட வேலையை மிகவும் சுருக்கியது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் தோலே. ஆனால் ஈரத்தில் வளைத்த வடிவத்தைக் காய்ந்த பின்னும் பிடித்துக்கொள்வதும், ஓரத்தைத் தேய்த்தால் மெருகேறுவதும் தாவரத் துவர்ப்பேற்றிய தோல்தான். எனவே பழம்பை செய்வோர் அதையே நாடுகின்றனர். அத்தோலுக்கு நம் மண்ணிலும் நீண்ட மரபுண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், மதராஸ் மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ‘ஈ.ஐ. லெதர்’ என்ற அந்தத் தோல் இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் நாம் சொல்லியாக வேண்டும். அங்கே தோலில் கைவைப்பது ஒரு கலையாக மீள்கிறது. இங்கே தோலில் கைவைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கமலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தொங்கிய தோல் வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்களே. அந்த வால் நீரைச் சிந்தாமல் மேலே கொணர்ந்து வாய்க்காலில் கொட்டியதால்தான் வயல் விளைந்தது. தைத்த கைக்குக் கூலியாகக் களத்தில் தானியம் அளக்கப்பட்டது. வீட்டுத் திண்ணையில் இடம் அளிக்கப்படவில்லை. பம்புசெட் வந்ததும் கமலை போயிற்று; வாலும் போயிற்று. உழைப்பின் மீது சுமத்தப்பட்ட இழிவு மட்டும் அதனோடு போய்விடவில்லை.

ஓட்ஸியின் பையைத் தைத்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. அது 5300 ஆண்டுத் தொலைவு. கமலை வாலைத் தைத்தவர்களோ நம் பாட்டன்மாரின் காலத்தவர். அவர்கள் தோலை எப்படி வெட்டினார்கள், எந்த நூலால் தைத்தார்கள், நீர் ஒழுகாமலிருக்க எதைப் பூசினார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கக்கூடும். நெதர்லாந்தின் சேற்றுத் துண்டுகளுக்குக் கிடைத்த பொறுமையான கவனம் அவர்களுடைய சொற்களுக்கும் கிடைக்க வேண்டும். நாட்டார் வழக்காறுகளில் ஆர்வமுள்ள நம் நண்பர்கள் தத்தம் ஊர்களில் இதைக் கேட்டுப் பதிவு செய்வார்களாயின், கைவினை வரலாற்றோடு ஒரு நீதியின் வரலாறும் சேர்த்தே எழுதப்படும்.