வைத்தூறும் பராலியும்

அக்டோபர் பிறந்துவிட்டால் தில்லி நாளிதழ்களில் ‘பராலி’ என்ற சொல் தினமும் தலைகாட்டும். நெல் அறுத்தபின் வயலில் கிடக்கும் தாளும் வைக்கோலும்தான் பராலி. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் அதற்கு வைக்கும் தீயின் புகை தலைநகர்வரை வருவதால், தில்லிவாசிகளின் காதில் அது புகையின் பெயராகவே ஒலிக்கிறது. பிறந்தபோது அச்சொல்லுக்கு இந்தக் கறை இல்லை. வடமொழியில் ‘பலால’ என்றால் வைக்கோல். இந்தியில் வழங்கும் ‘புவால்’, ‘பராலி’ இரண்டும் அதன் வழிவந்தவை.

தமிழில் இதன் பழம்பெயர் ‘வை’. தண்டைக் குறிக்கும் ‘கோல்’ சேர்ந்து வைக்கோல் ஆனது. மலையாளத்திலும் வைக்கோல்தான். கரையோரக் கன்னடத்தார் ‘பைஹுல்லு’ என்பார்கள். நம் ஊர்ப்புறத்து வைக்கப்புல்லுக்கு அது உடன்பிறப்பு. 435ஆம் குறளில் வள்ளுவர் ‘வைத்தூறு’ என்கிறார். தூறு என்றால் குவியல். துன்பம் வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வு, நெருப்பின் முன் நிற்கும் வைக்கோல் குவியலைப்போல் அழியும் என்பது கருத்து. வைக்கோலில் தீப்பிடிப்பது அவருக்குப் பேரழிவின் உவமை. சேர்த்து வைத்தவனுக்குத்தானே இழப்பின் வலி தெரியும்!

சேர்த்து வைக்கும் வாழ்க்கையிலிருந்துதான் மற்றச் சொற்களும் பிறந்தன. குவித்தால் போர், படப்பு. முறுக்கினால் புரி. கையளவு சேர்த்தால் கத்தை. உதிர்ந்து நொறுங்கியது கூளம். அறுத்தபின் வேரோடு நிற்பது தாள். காவிரி டெல்டாவில் அந்தத் தாள் ஒரு பருவத்துக்கே பெயர் தந்தது: குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடும் இரண்டாம் போகம் ‘தாளடி’. ஒரு பயிரின் மிச்சத்தில் அடுத்த பயிர் எழும் என்ற உழவறிவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இந்தச் சொற்களில் கூளம் மட்டும் குப்பையோடு இணைமொழியாகித் தாழ்ந்தது.

அதே மிச்சம் வடக்கே ஏன் எரிகிறது? அங்கே மாட்டுக்கு விருப்பத் தீவனம் கோதுமைத் தாளை நறுக்கிய ‘பூசா’, பஞ்சாபியில் ‘தூடி’. தில்லியின் காசிப்பூர், பல்ஸ்வா பால்பண்ணை எருமைகளும் பூசா தின்று வளர்பவைதாம். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதைத் தின்னப் பழக்காத ஊரில் அது வேண்டாப் பொருளானது. நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாப் அரசு 2009இல் இயற்றிய சட்டம் நடவைத் தள்ளிவைக்க, அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க எஞ்சுவது இரண்டு மூன்று வாரம். கம்பைன் இயந்திரம் விட்டுப்போன உயரமான தாளை அதற்குள் அகற்ற, கையில் காசில்லாத உழவருக்குத் தீப்பெட்டியே மலிவான கருவி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் எரிப்பதற்குத் தடை விதித்தது. ஆனாலும் தீ நிற்கவில்லை.

கம்பைன் நம் டெல்டாவுக்கும் வந்தது. கசங்கிச் சிதறிய வைக்கோலைக் கையால் அள்ளிப் போர் வைப்பது கட்டுப்படியாகவில்லை. அந்த இடத்தில்தான் ‘கட்டு’ என்ற பழஞ்சொல் புதுவாழ்வு பெற்றது. முன்பு வைக்கோலை வண்டிக் கணக்கிலும் போர்க் கணக்கிலும் விற்றார்கள். இன்று பேலர் இயந்திரம் வயலில் ஓடி, வைக்கோலை வாரிச் சுருட்டி, சணல் கயிற்றால் இறுக்கி உருளையாகத் தள்ளுகிறது. அந்த உருளையும் கட்டுதான்; வாடகையும் விலையும் கட்டுக்கணக்கில்தான். சிறு விவசாயி இயந்திரம் வாங்குவதில்லை. வண்டிக்காரரை அழைத்துக் கட்டுக் கூலி கொடுப்பார், அல்லது வயலோடு மொத்தமாகப் பேசி விட்டுவிடுவார். பனி காய்ந்தபின்தான் கட்டவேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு விலகும். சம்பா அறுவடை முடிந்ததும் கட்டுகள் லாரியேறி மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போகின்றன.

சிதறிக் கிடக்கும் வைக்கோல் எடை குறைவு, இடம் அதிகம். அரை எடையிலேயே லாரி நிறைந்துவிடும். இறுக்கிக் கட்டினால்தான் வண்டிச் சத்தம் கட்டுப்படியாகி, தொலைவிலுள்ள மாட்டுக்காரருக்கும் எட்டும். சத்துக் குறைவு என்ற குறைக்கும் வழியுண்டு: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் எளிதில் செரிக்கும், புரதமும் கூடும். அளவு மீறினால் மாட்டுக்கு நஞ்சு. கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யவேண்டும்.

வைக்கோல் கட்டும் இயந்திரங்களுக்கு மத்திய அரசு மானியம் தருகிறது. வடக்கில் கட்டப்படுவதில் பெரும்பகுதி கொதிகலனுக்கும் மின்நிலையத்துக்கும் எரிபொருளாகப் போகிறது. வயலில் வீணே எரிவதைவிட அது மேல். ஆனால் நாட்டின் மறுபாதியில் கோடையில் தீவனம் தேடி அலையும்போது, மாட்டுக்கு ஆகும் பொருளை நெருப்புக்கு மட்டுமே ஒதுக்குவது தகாது. அரசுக் குறிப்புகளின் தமிழில் இது ‘பயிர்க் கழிவு’. கழிவு என்றால் அகற்றத்தான் தோன்றும். தீவனம் என்றால் காக்கத் தோன்றும். அந்த மூன்று வாரத்துக்குள் பேலர் சிறு வயலுக்கு வரவேண்டும், நனையாமல் அடுக்கக் கொட்டகை வேண்டும், கட்டுக்கு நிச்சய விலை வேண்டும். இவை மூன்றும் கிடைத்தால் பஞ்சாப் உழவரும் தன் பராலியை விற்பார். தடையாணை சொல்லி அவரைத் தடுக்கவேண்டியிராது.