சுருளும் நாடாவும்

சிலாங்கூர் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே, கோலசிலாங்கூருக்கு எதிர்க்கரையில், மீன்படகுகளுக்கும் கடலுணவுக் கடைகளுக்கும் பேர்போன பாசிர் பெனம்பாங்கின் சுற்றுவட்டாரத்தில், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று ஒரு காலத்தில் தமிழ் லயங்களால் நிறைந்திருந்த தோட்டங்கள் பல உண்டு. ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வாணிப எண்ணெய்ப்பனையை நட்ட தென்னமாரமும் அவற்றுள் ஒன்று. இந்தத் தோட்டத்து ஜனங்களின் விளையாட்டு எப்படிப் படமாயிற்று, அப்படம் என்னவாயிற்று என்பதைச் சரித்திராசிரியர்கள் பொருட்படுத்தவில்லை.

முதலில் வந்தது பிலிம். 1946இல் ஸ்தாபிக்கப்பட்டுப் பின்னாளில் பிலிம் நெகாரா என்று பெயர் பெற்ற மலாயன் பிலிம் யூனிட்டின் செய்திப் படங்களை, தகவல் இலாகாவின் வண்டி தோட்டத் திடலுக்கே கொண்டுவந்து, இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத் துணியில் ஓட்டிக் காட்டிற்று. 16 மில்லிமீட்டர் பிலிமில் நூறு அடிச் சுருள் ஒன்று மூன்று நிமிஷங்கூட ஓடாது; தொண்ணூறு நிமிஷக் காற்பந்தாட்டம் முழுவதையும் பிடிக்க வேண்டுமானால் அத்தகைய சுருள்கள் முப்பதுக்கு மேல் வேண்டும். ஆகவே, காமிராக்காரர் கோல் விழும் தருணத்தை முன்கூட்டியே ஊகித்து விசையை அழுத்த வேண்டியவரானார், தவறவிட்டால் தவறியதுதான். விநாடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில், மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பந்து ஒரு சட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் கடந்துவிடும். காமிராவை நான்கு மடங்கு வேகமாக ஓட்டி, சாதாரண வேகத்தில் திரையிட்டாலோ, அதே பந்து நிதானமாக மிதந்து வரும். அந்த அழகு பிலிமுக்கே உரியது. ஆனால் அது கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தின் அழகாக இருந்ததே தவிர, தோட்டத் திடலின் அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

1976இல் ஜப்பானில் பிறந்த வி.எச்.எஸ். நாடா, எண்பதுகளில் நம் லயத்து வீடுகளிலும் புகுந்தது. மூன்று மணி நேரம் ஓடும் ஒரே கேசட். கழுவவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். மேல்நாட்டில் 1984இல் ஸ்டேசி பெரால்டா என்பவர், சறுக்குப்பலகை வீரர்களின் சாகசங்களை நாடாவிலேயே வெளியிட்டு, திரையரங்க முதலாளியின் தயவில்லாமல் பையன்களின் கூடத்திற்கே கொண்டுசேர்த்தார். இங்கே, திருமணத்துக்கு வந்த வீடியோக்காரரையே, தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கும் காற்பந்துப் போட்டிக்கும் அழைக்கலாம் என்ற நிலை வந்தது. நிறுத்தினால் படம் நடுங்கும், கோடு விழும், வண்ணம் கசியும். ஆயினும் திரையில் ஓடுகிறவன் பக்கத்து லயத்துப் பையன். இவ்விஷயத்தில் என் கட்சி நாடாவின் பக்கந்தான்.

மலிவான வஸ்துவுக்கு ஆயுள் குறைவு. போட்டியின்மேல் புதுப்படத்தைப் பதிந்துகொண்டவர்கள் உண்டு. மிஞ்சியதில் கடலோர ஈரம் வெண்பூஞ்சையாகப் படர்ந்தது. பிலிம் சுருளையும் ஈரம் விட்டுவைக்கவில்லை; எனினும் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணுக்கு உருவம் தெரியும். நாடாவுக்கு யந்திரம் வேண்டும். அந்த யந்திரத்தைச் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அதே 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' என்ற மலேசியத் திரைப்படம், 1980இல் தென்கொரியாவை 2-1 என்று மலேசியா வென்ற ஒலிம்பிக் தகுதியாட்டத்தைத் தழுவி எடுக்கப்பட்டது. அன்று கோல் காத்தவர், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்று, 1988இல் கார் விபத்தில் மாண்ட ஆர். ஆறுமுகம்; படத்தில் அவரிடத்தில் முத்துக்குமார் என்ற பாத்திரம் நிற்கிறது. அரங்கத்து ஆட்டத்துக்கு முப்பத்தாறு வருஷம் கழித்தும் நடிகரை வைத்தாவது மறுபடி எடுக்க ஆளும் பணமும் கிடைத்தன. பூஞ்சை படர்ந்த தோட்டத்து ஆட்டத்துக்கு அந்த வழியும் இல்லை.