புகையின் பிடியும் நிக்கோட்டின் அளவும்



சிம்பாங் ரெங்கம் வட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் ஆண்களில் சிலர், முகம் கழுவுமுன்னே பீடியையோ வெண்சுருட்டையோ பற்ற வைப்பதை நாம் காண்கிறோம். "மனவுறுதி இல்லாத மனிதர்" என்று வீட்டார் குறைபட்டுக்கொள்வதும் உண்டு. அந்த முதல் புகைக்குக் காரணம் மனவுறுதிக் குறைவுதானா? இதற்கு விடை காண அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் முயன்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1560-ஆம் ஆண்டை ஒட்டி, போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ஜான் நிக்கோ, அதை மருந்தென்று எண்ணித் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரால்தான் நிக்கோட்டின் என்ற சொல் பிறந்தது. 1828-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் போசெல்ட், ரைமன் என்னும் இருவர் அந்தப் பொருளைப் புகையிலையிலிருந்து தனியே பிரித்தெடுத்தனர். அது கொடிய நஞ்சு. பின்னாளில் பயிர்ப் பூச்சிகளைக் கொல்லவும் அது பயன்பட்டது.

நஞ்சென்று தெரிந்தும் மனிதன் அதை ஏன் நாடுகிறான்? லென்னாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற பிரித்தானிய மருத்துவர், நிக்கோட்டினை ஊசி மூலம் தமக்கும் வேறு சிலருக்கும் செலுத்திப் பார்த்தார். 1942-இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. ஏறத்தாழ 80 ஊசிகளுக்குப் பின் வெண்சுருட்டைவிட ஊசியே மேலாகத் தோன்றியதாம்! அப்படியானால் மனிதன் நாடுவது புகையை அன்று. புகையில் ஏறி வரும் நிக்கோட்டினையே என்பது புலனாயிற்று.

1967-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. புகைபிடிப்பவர்களுக்கு நரம்பு வழியே சில நாள் நிக்கோட்டினும், சில நாள் வெறும் உப்புநீரும் ஏற்றினார்கள். எந்த நாளில் எது ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நிக்கோட்டின் ஏறிய நாள்களில் அவர்கள் தாமாகவே குறைவாகப் புகைத்தனர். உடல் தனக்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறது. அது நிறைந்தால் அடங்குகிறது, குறைந்தால் கேட்கிறது.

விடியற்காலைப் புகையின் காரணமும் இதுவே. இழுத்த புகையின் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. இரவெல்லாம் உறங்கி எழும்போது அது அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. எரிச்சலும் படபடப்பும் அதனால் எழுகின்றன. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் புகை என்று கேட்டே அடிமைத்தனத்தின் ஆழத்தை மருத்துவர்கள் இன்றும் மதிப்பிடுகிறார்கள்.

இந்த உண்மையை அறியாமல் பலர் "லைட்" என்ற பெயருடைய வெண்சுருட்டுகளை நம்பினார்கள். அவற்றின் பஞ்சைச் சுற்றிலும் நுண்ணிய துளைகள் இருந்தன. அளக்கும் இயந்திரம் அத்துளைகள் வழியே காற்றையும் சேர்த்து இழுத்ததால் நிக்கோட்டின் குறைவாகத் தெரிந்தது. மனிதனோ விரலாலும் உதட்டாலும் துளைகளை அடைத்து, ஆழமாக இழுத்து, தன் அளவை ஈடுகட்டிக்கொண்டான். புகையோடு தாரும் நுரையீரலில் நிறைந்தது. நிக்கோட்டினுக்காகப் புகைப்பவனைச் சாகடிப்பது தார் என்பதை லண்டன் மருத்துவர் மைக்கேல் ரசல் 1976-இல் எடுத்துக்காட்டினார்.

வணிகர்களுக்கு இது தெரியாதா? நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று 1963-இலேயே ஓர் அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் வழக்கறிஞர் உள்குறிப்பில் எழுதியிருந்தார். ஆயினும் 1994-இல் ஏழு புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அதை மறுத்தார்கள். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியோ 1988-இலேயே தம் அறிக்கையில் உண்மையை உறுதிப்படுத்தியிருந்தார்.

அதே 1994-இல் பெனோவிட்ஸ், ஹென்னிங்ஃபீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் நிக்கோட்டின் உடலில் சேர்ந்தால் அடிமைத்தனம் நிலைபெறக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். சாதாரண வெண்சுருட்டு ஒன்று ஏறத்தாழ 1 மில்லிகிராம் தருகிறது. பின்னர் 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 840 பேர் ஆறு வாரம் கலந்துகொண்டனர். ஒரு கிராம் புகையிலையில் 15.8 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள வெண்சுருட்டைப் பெற்றவர்கள் நாளுக்கு 21, 22 வரை புகைத்தனர். அதை 5.2 ஆகக் குறைத்தும் பெரிய மாற்றமில்லை. 2.4-க்கும் அதற்குக் கீழும் குறைத்தபோதுதான் 15, 16 என்று இறங்கியது. இங்கே புகையிலையிலேயே நிக்கோட்டின் மிகக் குறைவாக இருந்ததால், எவ்வளவு இழுத்தாலும் ஈடுகட்ட முடியவில்லை. 'லைட்' வெண்சுருட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

நம்மவர் பழக்கத்துக்கு வருவோம். "பீடி சின்னது, கெடுதல் குறைவு" என்பார் உளர். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பீடிப் புகையிலையில் கிராமுக்கு 21.2 மில்லிகிராமும் பஞ்சு வைத்த வெண்சுருட்டில் 16.3 மில்லிகிராமும் நிக்கோட்டின் இருந்தது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் தாய்மார்களும் தப்பவில்லை. சுண்ணாம்பு சேர்வதால் நிக்கோட்டின் வாய்த்தோல் வழியே எளிதாக உட்புகுகிறது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இந்த மெல்லும் பழக்கம் முக்கியக் காரணம்.

பிள்ளைகளைக் கவர வந்திருப்பது வேப் என்னும் மின்சிகரெட். அதில் சிலவகைத் திரவங்கள் தொண்டையைக் காரமின்றிக் கடந்து மிகுந்த நிக்கோட்டினை ஏற்றுகின்றன. பழம், மிட்டாய் மணத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. ஜொகூரில் 2016-இலேயே வேப் விற்பனைக்குத் தடை வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதும் நடப்பிலிருக்கும் சட்டம், 18 வயது நிறையாதவர்களுக்குப் புகைப்பொருள் விற்பதைத் தடுக்கிறது.

அடிமைப்பட்டவரை மீட்பதற்கும் அளவே வழிகாட்டுகிறது. நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இருவகையில் கிடைக்கிறது. எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படுகிறது. தாரும் புகையும் இல்லாமல் உடலின் கேள்வியைத் தணித்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் இதற்கு உதவி கேட்கலாம்.

அமிர்தமும் அளவு மிஞ்சினால் நஞ்சு என்றார்கள் பெரியோர். நிக்கோட்டினோ சிறிய அளவிலேயே விலங்கு பூட்டத் தொடங்குகிறது. ஆகவே பிள்ளைகளை முதல் புகைக்கு முன்பே தடுப்போம். பழகிவிட்ட தந்தையரை ஏசாமல், கைபிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம்.