தோட்ட எரிப்பு: பேராக், மலேசியா

தோட்ட எரிப்பு என்பது, சாய்த்த காட்டையோ ஆயுள் முடிந்த பால்மரங்களையோ (ரப்பர் மரங்களையோ) நாள் பார்த்து, எல்லை வகுத்துத் தீயிட்டு, நிலத்தை நடவுக்குத் தயாராக்கும் முறை. 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் முழுவதும் தோட்டங்கள் பெருகியபோது இம்முறையும் பரவியது. காடு சாய்க்கும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தக் கூட்டத்தாரிடம் போனது. எரிந்த நிலத்தில் களையெடுப்பும் பராமரிப்பும் தமிழ்த் தொழிலாளர் பங்காயின.

முதலில் அடிச்செடிகளை வெட்டி, பிறகு மரங்களைச் சாய்த்துச் சில வாரங்கள் காயவிட்டார்கள். இங்கே மழைதான் எஜமான். நெருப்பை மரத்துக்கு ஏற்றுவது காய்ந்த இலையும் சுள்ளியும். மழையால் நாள் கடந்தால் அவை உதிர்ந்து மக்கிவிடும், அடிமரம் கருகியதோடு நின்றுவிடும். பனி உலர்ந்த நண்பகலில், காற்று ஒரே திசையில் வீசும்போது, அது போகும் பக்கத்து ஓரத்தில் முதலில் தீ வைப்பது வழக்கமாக இருந்தது. அங்கே எரிந்து முடிந்த பட்டை, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பெருந்தீயைத் தடுக்கும். எல்லையைச் சுற்றி மண் தெரியுமளவு செதுக்கிய வெற்றுத்தரையும் இருந்தது. மிஞ்சிய கட்டைகளை அடுக்கி மறுபடி எரித்தார்கள்.

வேலை சுலபமாவதும், வேர்நோய்க் காளானுக்கும் காண்டாமிருக வண்டுக்கும் புகலிடமான மரக்கழிவு அழிவதும் இதன் ஆதாயங்கள். சாம்பல் பொட்டாசியம் தரும். நைட்ரஜனோ புகையோடு போய்விடும். லாலாங் புல்லிடம் மட்டும் நெருப்பு தோற்றது: மேல்புல் எரிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும். பால்மரம் இலையுதிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, பக்கத்து லாலாங்கில் பற்றிய தீ சருகு வழியே தோட்டத்துக்குள் ஓடி மரப்பட்டையைச் சுடுவதுண்டு.

தமிழ்நாட்டின் முதுமலை போன்ற வறண்ட காடுகளில் தீத்தடுப்புக் கோடுகளை முன்கூட்டியே எரித்துவைப்பது பாதுகாப்பு. ஆனால் பேராக்கின் மழைக்காட்டுக்கு நெருப்பு பழக்கமில்லை. கடலோரக் கரிச்சதுப்பு நிலத்திலோ தீ மண்ணுக்கடியில் புகுந்து வாரக்கணக்கில் புகையும்.

1980-களில் ரப்பர் பலகைக்கு மேசை நாற்காலிச் சந்தை கிடைத்ததும், எரிக்க இருந்த மரம் ஆலைக்குப் போனது. அதே பத்தாண்டின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் செம்பனை மறுநடவில் எரிக்கா முறையைக் கொண்டுவந்து, 1992-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதைப் பெற்றது. 1997-இல் தென்கிழக்காசியாவைச் சூழ்ந்த புகைமூட்டத்துக்குப் பின், 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1998-இல் சேர்த்த 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்தது. வரையறுத்த சில எரிப்புகளுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு உண்டு.

எரிக்கா முறையில், இயந்திரம் சாய்த்துச் சீவிய தண்டுகள் நடவு வரிசைகளுக்கிடையே மக்கவிடப்படுகின்றன. பழைய சிக்கல் அங்கும் தொடர்ந்தது: மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். ஆகவே பியூரேரியா போன்ற மூடுபயிரை உடனே விதைத்து, குவியல்களை விரைவில் கொடி மூடும்படி செய்கிறார்கள்.