குரலுக்கு உரியவர் யார்?

தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த வத்தல்மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். காப்பியும் மிளகும் அங்கு விளைகின்றன. சமவெளியிலிருந்து சாலை அமைந்ததும், அதன்மேல் பேருந்து ஓடத் தொடங்கியதும் அண்மைக்காலத்து நிகழ்ச்சிகளே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவர் என்று மலையாளிகளிடையே வழங்கிய மரபுச் செய்தியை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஏட்டில் எழுதப்படாத அச்செய்தி, சொல்பவர் இன்னார், கேட்பவர் இன்னார் என்னும் உறவின் வழியாகவே தலைமுறைகளைக் கடந்து வந்தது. இத்தகைய சமுதாயத்தினுள் இன்று கைப்பேசி நுழைகிறது. அதனுள்ளே, கேட்டால் விடைகூறும் எந்திரமும் நுழைகிறது. சொல்பவர் எவரென்று அறியாத சொல்லை மனிதர் எவ்வாறு ஏற்கின்றனர்? இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உயிரற்றதோடு உறவு

உயிரற்ற பொருளோடு மனிதன் உறவு கொள்ளுதல் புதியதன்று. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்நீத்த வீரனின் உருவம் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளது. பலவற்றில் அவனுடைய பெயரும் செயலும் பொறிக்கப்பட்டுள்ளன. இக்கற்களுள் சில இன்றும் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. இவ்வழக்கத்தைக் குறித்த இறையியல் தீர்ப்பு இங்கு நம் பொருளன்று. நாம் கருதத்தக்கது வேறொன்று. கல்லின் பின்னே ஒரு மனிதன் இருந்தான், அவன் யார், எதற்காக மாண்டான் என்பதை எழுத்து அறிவித்தது, ஊரும் அறிந்திருந்தது. பொருளுக்கு ஆள்தன்மை அளிக்கப்பட்டதாயினும், அந்த ஆள் பெயரற்றவன் அல்லன்.

2. எலிசா கற்பித்த பாடம்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய யோசப் வைசன்பாம் 1966-இல் 'எலிசா' என்னும் கணிப்பொறி நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1923-இல் பெர்லினில் பிறந்த இவர், நாசி ஆட்சியிலிருந்து தப்பிச் சென்ற யூதக் குடும்பத்தினர். தம் நிரல் உரையாடுவதற்கு இவர் தேர்ந்த முன்மாதிரி, கார்ல் ரோஜர்ஸ் வகுத்த ஆற்றுப்படுத்தும் முறையாகும். மேய்ப்புப்பணி ஆற்றுப்படுத்தல் பயின்றோர் இம்முறையை நன்கறிவர். நாடி வந்தவருக்குத் தீர்வு கூறாமல், அவர்தம் சொற்களையே திருப்பிக் கூறி, அவரை மேலும் பேசச் செய்வது அது. எலிசா இதன் புறவடிவத்தை மட்டும் செய்தது. ஒருவர் தம் தாயைப் பற்றி எழுதினால், குடும்பத்தைப் பற்றி மேலும் கூறும்படி கேட்கும். பொருளுணர்ச்சி அதனிடம் அறவே இல்லை.

எனினும் நிகழ்ந்தது வியப்புக்குரியது. வைசன்பாமின் செயலாளர் அந்நிரல் உருவாகியதைப் பல மாதங்கள் அருகிருந்து கண்டவர். ஆயினும் அதனோடு சில வரிகள் உரையாடியவுடன், அவர் வைசன்பாமை அறையைவிட்டு வெளியே செல்லுமாறு வேண்டிக்கொண்டார். எந்திரம் என்று அறிந்திருந்தும் தனிமை வேண்டினார்! உளநோய் மருத்துவருள் சிலர், இத்தகைய நிரல் ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளரைக் கவனிக்கக்கூடும் என்று நம்பிக்கை தெரிவித்தனர். இது வைசன்பாமைக் கலக்கமுறச் செய்தது. 1976-இல் வெளியிட்ட நூலில், கணிப்பொறியால் செய்ய இயலுமா என்பதன்று, செய்யவிடலாமா என்பதே வினா என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார்.

இஃது ஒருவரின் பேதைமையன்று என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்டு நாஸ் ஆகியோர் 1996-இல் தம் சோதனைகளைத் தொகுத்து நூலாக்கினர். ஒரு கணிப்பொறியின் செயலைப் பற்றி அக்கணிப்பொறியே கேட்கும்போது மக்கள் தயவாக மதிப்பிட்டனர். வேறொரு கணிப்பொறி கேட்டபோது அத்தகைய தயவைக் காட்டவில்லை. முகத்துக்கு நேரே குறை கூறத் தயங்கும் மனிதப் பண்பு அங்கும் செயற்பட்டது. விடை கூறுவதை ஆளாகக் கருதுதல் நம் இயல்பிலேயே உள்ளது என்பது இதனால் பெறப்படும். இவ்வியல்பே நம்மை உறவுக்குத் தகுதியாக்குகிறது. இதுவே நம்மை ஏமாற்றத்துக்கும் உள்ளாக்குகிறது.

3. இரண்டு வாயில்களும் ஓர் ஒலிபெருக்கியும்

நம் நாட்டு வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் கணிப்பொறி வசதியுள்ள அறிவு மையங்களை நிறுவியது. எம்பலம் என்னும் ஊரில் அம்மையம் ஒரு கோயிற் கட்டடத்தில் அமைந்தது. கோயிலின் ஒரு வாயில் வழியே தாழ்த்தப்பட்டோர் நுழைய இயலவில்லை. மையத்தின் வாயில் வழியே எவரும் நுழையலாம். எல்லாருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அம்மையங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. கதவைத் திறந்தது எந்திரமன்று. மனிதர் வகுத்த நிபந்தனையே.

மீனவர் ஊராகிய நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து கருதத்தக்கது. சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து, அதன் ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன; ஊரில் 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். கம்பி வழியே கடல் கடந்து வந்த அக்குரல் இன்னார் மகனுடையது என்று ஊர் அறிந்திருந்தது.

4. உரியவரற்ற குரல்

பதினான்கு ஆண்டுகளுக்குள் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. தருமபுரிக்கு அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில், போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதிக்கு 2018 மே மாதத்தில் ஒரு குடும்பத்தார் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்றனர். பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி அந்நாள்களில் வாட்ஸ்அப் வழியாகப் பரவியிருந்தது. அக்குடும்பத்து மூதாட்டி சிறுவர்களுக்கு இனிப்பு அளித்ததைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்கியது, அவர் உயிரிழந்தார். அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம், ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது.

இதன் உளவியலை ஆராய்தல் வேண்டும். செய்தியை அனுப்பியவர் உறவினர், அயலார், நண்பர். ஆனால் முதலில் சொன்னவர் எவர் என்பது ஒருவருக்கும் தெரியாது. அனுப்பியவர்மேல் வைத்த நம்பிக்கை, சொன்னவர் பெறத் தகாத நம்பிக்கையாக மாறிற்று. நல்லவாட்டுக் குரலுக்கு உரியவர் இருந்தார். அவர் பொய் சொல்லியிருந்தால் ஊருக்கு விடையளித்தாக வேண்டும். அத்திமூரை அடைந்த சொல்லுக்கு விடையளிப்போர் எவருமிலர்.

5. திருச்சபையின் கடமை

2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், எலிசாவின் வழித்தோன்றல்கள் எல்லார் கைக்கும் எட்டின. அவை தமிழிலும் எழுதுகின்றன, நள்ளிரவிலும் விடையளிக்கின்றன, சலிப்படைவதில்லை. ஆயரிடம் சொல்ல நாணுவதைச் சிலர் அவற்றிடம் சொல்லக்கூடும். இவர்களைக் கடிந்துகொள்வது தக்கதன்று. எந்திரத்தை விலக்கிவிடுவதும் வழியன்று. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசித் தொடர்பு எட்டாத மலையூர்ப் பிள்ளைகள் இழந்த கல்வி இதற்குச் சான்று.

ஆடுகள் மேய்ப்பனின் குரலை அறியும் என்னும் யோவான் நற்செய்தியின் உருவகம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. அங்கே குரலை அறிதல் என்பது, ஓநாய் வரும்போது ஓடாமல் நிற்பவன் எவன் என்று அறிதலேயாகும். எந்திரம் ஆறுதல் மொழி கூறலாம். கூறிய மொழிக்காக அது எதையும் இழப்பதில்லை. ஆதலால் வத்தல்மலை போன்ற ஊர்களில் பணியாற்றும் ஆயரும் உபதேசியாரும், ஒரு செய்தி வந்ததும் இதற்கு விடையளிப்பவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை இறைமக்களிடையே வளர்த்தல் வேண்டும். அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. செயலாளர் எந்திரத்தினிடம் தேடிய தனிமையையும் செவிகொடுத்தலையும் தம் ஆயரிடம் நம்பிப் பெற இயலுமா என்று ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே வினவிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.